அலமாரியில் காத்திருந்த ஆய்வேடு

5ஜி செல்பேசியில் ஒரு படம் ஓடும்போது, வழியில் சிதைந்துபோகும் எண்களைச் சரிசெய்ய இரண்டு குறியீடுகள் உள்ளே உழைக்கின்றன. படத்தின் தரவைக் காப்பது எல்டிபிசி. கோபுரமும் செல்பேசியும் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் கட்டுப்பாட்டுச் செய்திகளைக் காப்பது போலார். முன்னது, ராபர்ட் கேலகர் 1960இல் அமெரிக்காவின் எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு. பின்னது, துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எர்தல் அரிகான் 2009இல் வெளியிட்டது. அரிகான் கேலகரிடமே முனைவர் பட்டம் பெற்றவர். ஆசிரியரின் ஆய்வேடு முப்பது ஆண்டுக்கு மேல் ஏறக்குறைய தீண்டப்படாமல் கிடந்தது. மாணவரோ ஒரே கேள்வியைச் சுற்றி இருபது ஆண்டுக்கு மேல் செலவிட்டார். இளம் ஆய்வாளரை 'மூன்று ஆண்டில் என்ன பயன், எத்தனை கட்டுரை' என்று எடைபோடும் வழக்கம் தகவல் கோட்பாட்டுக்குப் பொருந்தாது என்பதற்கு இந்த இருவரும் போதும்.

இந்தத் துறை பிறந்த விதமே அப்படி. 1948இல் பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன், இரைச்சல் மிகுந்த எந்தத் தடத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு, அதற்குள் அனுப்பினால் பிழையை வேண்டிய அளவுக்குக் குறைக்கலாம் என்று நிறுவினார். அப்படிப்பட்ட குறியீடு இருக்கிறது என்றாரே தவிர, அதை எப்படிக் கட்டுவது என்று சொல்லவில்லை. விட்டத்தின் உயரம் தெரிந்துவிட்டது, ஏணி கையில் இல்லை. கேலகரின் ஏணி ஒரு கணக்குப்பிள்ளையின் உத்தியைப் போன்றது. பேரேட்டில் ஒவ்வொரு எண்ணும் இரண்டு மூன்று கூட்டல்களில் இடம்பெறும்படி எழுதிவைத்தால், கூட்டல் இடிக்கும் இடத்தைக்கொண்டு தவறிய எண்ணைச் சந்தேகிக்கலாம். அந்தச் சந்தேகத்தை மற்றக் கூட்டல்களுக்குச் சொல்லி, அவை சொல்வதைக் கேட்டு, திரும்பத் திரும்பச் சுற்றினால் கணக்கு நேராகிவிடும். ஆயிரக்கணக்கான எண்களுக்கு இதை நொடிக்குள் செய்ய 1960இன் கணினிக்கு வலுவில்லை. 1981இல் மைக்கேல் டானர் போன்ற ஓரிருவர் தொட்டதைத் தவிர, அதைச் சீந்துவாரில்லை. 1993இல் பிரான்சிலிருந்து டர்போ குறியீடு வந்து, சுற்றிச் சுற்றித் திருத்தும் வழி ஷானன் எல்லையை நெருங்கும் என்று காட்டிய பிறகுதான் ராட்ஃபோர்டு நீலும் கேம்பிரிட்ஜின் டேவிட் மெக்கேயும் கேலகரின் குறியீட்டை மறுபடி கண்டெடுத்தார்கள்.

ஆய்வு சரக்குள்ளதாக இருந்தால் உடனே பயன்பட்டிருக்காதா என்று கேட்கலாம். அதே எம்ஐடியில் 1951இல் டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் ஒரு வகுப்புக் கட்டுரையாக எழுதிய சுருக்கும் முறை அப்படித்தானே? அது மறு ஆண்டே அச்சேறியது. இன்றும் ஜேபெக் படத்திலும் ஜிப் கோப்பிலும் இருக்கிறது. ஆனால் ஹஃப்மன் முறையைத் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டே செய்துவிடலாம். கேலகர் முறைக்கு மலிவான சில்லு பிறக்க வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே இடத்தில் இரண்டு மாணவர்கள். ஒருவருக்கு உடனே பலன், மற்றவருக்குக் காத்திருப்பு. வித்தியாசம் ஆளிடம் இல்லை, அக்காலத்து இயந்திரத்தில் இருக்கிறது. உடனடிப் பயனை அளக்கிறவர் உண்மையில் அளப்பது அந்த இயந்திரத்தைத்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஜெயித்தவர்களை மட்டும் எடுத்துப் பேசுகிறோம். அலமாரியில் தூசி படிந்த ஆய்வேடுகளில் பெரும்பாலானவை தூசிக்கே உரியவை அல்லவா? உண்மைதான். காத்திருப்பது தகுதிக்குச் சான்று ஆகாது. கேலகரும் காத்துக்கொண்டிருக்கவில்லை, வேறு சிக்கல்களுக்குப் போனார், 1968இல் தகவல் கோட்பாட்டுக்கு ஒரு பெரிய பாடநூலே எழுதினார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயன் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே அவருடைய தரம் தெரிந்திருந்தது. பட்டம் பெற்ற ஆண்டே எம்ஐடி அவரை ஆசிரியராக்கியது, 1963இல் ஆய்வை நூலாகவும் போட்டது. உட்கார்ந்து படித்தவர்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. எண்ணிக்கைப் பட்டியல் வேண்டியிருக்கவில்லை.

அரிகானிடம் இது இன்னும் துலக்கம். தொடர்முறைக் குறிநீக்கம் என்ற பழைய வழி ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் திணறும். 1985 ஆய்வேட்டில் அந்த வழியை எடுத்துக்கொண்டவர், 1996இல் அதே வழிக்குப் பொருந்துகிற, ஊகித்தலைப் பற்றிய ஒரு சமனின்மையை நிறுவினார். 2006இல் தடங்களைச் சேர்த்துப் பிரித்தால் அந்தத் திணறும் எல்லை உயரும் என்று காட்டினார். பட்டியலாகப் பார்த்தால் உதிரிகள், படித்துப் பார்த்தால் ஒரே இழை. அந்த இழையின் முடிவில் 2009 கட்டுரை. சுமாரான தடங்கள் பலவற்றைப் பின்னினால் சில ஏறக்குறையத் தூய்மையாகவும், மற்றவை ஏறக்குறைய வீணாகவும் பிரியும். நல்லவற்றில் மட்டும் செய்தியை அனுப்பினால் போதும். குறிப்பிட்ட வகைத் தடங்களுக்கு ஷானன் எல்லையை எட்டுவதாக நிறுவப்பட்டு, நடைமுறையில் செய்யவும் முடிகிற முதல் கட்டுமானம் அது. ஆனாலும் நீளம் குறைந்த செய்திகளில் அது சோடை போனது. 2011இல் இடோ தால், அலெக்சாண்டர் வார்டி இருவரும் பல ஊகங்களை ஒருசேரத் தொடரும் முறையைச் சேர்த்த பின்தான் களத்துக்கு உகந்ததாயிற்று. தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் வீண்தான்.

2016இல் 5ஜிக்குக் குறியீடு தேர்ந்தெடுக்கும் வேளையில் கம்பெனிகள் ஆசிரியர் பக்கமும் மாணவர் பக்கமுமாகப் பிரிந்து நின்று வாதாடி, கடைசியில் ஆளுக்கொரு வேலை என்று பங்கிட்டன. கேலகரின் காப்புரிமை அதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே காலாவதியாகியிருந்தது.