கேட்காமல் விடும் கேள்வி

நிலாவெளியில் ஒருவரைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனால் வீட்டார் முதலில் தேடுவது காசை. அடுத்ததாகத் தேடுவது நல்ல லோயர் ஒருவரை. அயலில் நாலு பேரைக் கேட்டால் நாலு பேரும் ஏறத்தாழ ஒரே சிபாரிசைத்தான் சொல்வார்கள்: "அவர் எழும்பிக் கதைச்சால் கோட்ஸே அதிரும்." அந்தப் பேச்சை நம்பிச் சாம்பல்தீவு, உப்புவெளி கடந்து பதினைந்து கிலோமீற்றர் வந்து திருகோணமலையில் இறங்கினால், சிபாரிசு செய்யப்பட்ட சட்டத்தரணி மெல்லிய குரலில் பேசும் மனிதராக இருப்பார். "பிடிச்சது எத்தனை மணிக்கு?" என்று கேட்பார். பதிலைக் குறித்துக்கொண்டு அதையே இன்னொரு தரம் கேட்பார். வீட்டாருக்குச் சப்பென்று போய்விடும்.

மேசையில் குத்தி முழங்கும் வக்கீலைச் சினிமா நமக்குக் கொடுத்தது. குற்றவியல் வழக்குகளில் இருபது முப்பது வருடம் நின்ற ஒருவரின் நாளில் முழக்கத்துக்கு இடம் குறைவு. அவர் நேரம் தாள்களோடு போகிறது. மன்றில் அவருடைய கெட்டித்தனம் தெரியும் இடமும் பேச்சு அல்ல, கேள்விகளை நிறுத்தும் இடம்.

தொழிலுக்குள் வரும் பாதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1874 இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரி அல்லது சட்ட பீடம், பரீட்சைகள், மூத்தவர் ஒருவரிடம் பயிற்சி, பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். 1973 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் வரும்வரை அப்புக்காத்துமார் வேறு, பிறக்கிராசிமார் வேறு. அதன் பின் எல்லோரும் சட்டத்தரணிகள். கறுப்புக் கோட்டு புதிதாக இருக்கும் காலத்தில் கிடைப்பவை கசிப்பு வழக்கு, லைசன்ஸ் இல்லாத மோட்டார் சைக்கிள், வேலித் தகராறில் கைகலப்பு. "எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், குடும்பஸ்தர், குறைந்த தண்டம் விதிக்கவும்" என்று சொல்லியே முதல் சில வருடங்கள் ஓடிவிடும். கொலை வழக்குக் கோவை கைக்கு வரப் பொறுமை வேண்டும்.

அந்த "எத்தனை மணிக்கு" என்ற கேள்விக்குக் காரணம் உண்டு. சாதாரண சட்டப்படி பிடிவிறாந்து இல்லாமல் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பொலிஸ் புத்தகத்தில் காலை ஆறு மணி என்றிருக்கும். தாயார் முந்தின நாள் பின்னேரம் என்பார். இந்தப் பன்னிரண்டு மணி நேர இடைவெளிக்குள்தான் வாக்குமூலம் எழுதப்பட்டிருக்கும், "அவர் காட்டித்தான் எடுத்தோம்" என்கிற கத்தியும் கிடைத்திருக்கும். 2012 இல் வர்த்தமானியில் வந்த விதிகளின்படி சட்டத்தரணி கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்துக்குப் போகலாம், பொறுப்பதிகாரி அவரை மரியாதையோடு நடத்தவும் வேண்டும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பாதி வேலை அங்கேயே முடியும். பெரும்பாலும் ஆட்கள் சட்டத்தரணியைத் தேடி வருவது விளக்கமறியலுக்குப் பிறகுதான்.

அடுத்தது பிணை. 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதை விதியாகவும் மறுப்பதை விலக்காகவும் வைத்திருக்கிறது. தலைமறைவாகிவிடுவார், சாட்சிகளைக் குழப்புவார், மறுபடியும் குற்றம் செய்வார், ஊர் கொந்தளிக்கும் என்பவை மறுப்பதற்கான காரணங்கள். கொலை வழக்கென்றால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பதினான்கு நாளுக்கு ஒரு தவணையாக மாதங்கள் கழியும்போது வீட்டார் சட்டத்தரணி மீது கோபப்படுவார்கள். அவர் இந்த இடைவெளியில் முதல் முறைப்பாட்டின் பிரதியை எடுத்து வைத்திருப்பார். பார்த்தது என்ன என்று ஊரும் உறவும் கூடிப் பேசி ஒழுங்குபடுத்துவதற்கு முன்னால் எழுதப்பட்ட தாள் அது ஒன்றுதான்.

தாள்களை வாசிப்பது என்றால் என்ன என்பதைக் காட்ட ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். நிலாவெளிக் கரையில் விடியப்புறம் ஒரு படகு வந்து ஒதுங்குகிறது, பெட்டிகளில் பாரை மீன். டைனமைற் அடித்த மீன் என்று மூன்று பேர் கைது. 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் வெடிபொருளால் மீன் பிடிப்பதைத் தடைசெய்கிறது. படகில் வெடிமருந்து இல்லை. ஆகவே மீனே சாட்சி. வெடி அதிர்வில் செத்த மீனை வெட்டிப் பார்த்தால் தெரியும். காற்றுப்பை கிழிந்திருக்கும், முள்ளந்தண்டு முறிந்திருக்கும், வயிற்றறைக்குள் இரத்தம் கசிந்து பரவியிருக்கும். வெளியில் செதில்கூடக் குலையாமல் இருக்கலாம்.

மீன் பழுதாகும் பொருள். கத்தியைப்போல உறையிலிட்டு வருடக்கணக்கில் வைக்க முடியாது. எனவே சட்டத்தரணி தேடுவது கைமாறிய வழியை. பெட்டிகளைக் கைப்பற்றிய அதிகாரியின் குறிப்பில் நேரம் 5.40. பரிசோதனை அறிக்கையில் மாதிரி கிடைத்த நேரம் பிற்பகல் 2.15. இடையில் மீன் எங்கே இருந்தது, ஐஸ் போட்டது யார், சீல் வைத்தது யார், அந்தச் சீலின் அடையாளம் அறிக்கையில் உண்டா? பெட்டிகளில் இருநூறு மீன், பரிசோதித்தது எத்தனை?

மன்றில் நிபுணர் சாட்சிக்கூட்டில் நிற்கிறார். குறுக்கு விசாரணை.

"உங்களிடம் எத்தனை மீன் தரப்பட்டது?"

"ஆறு."

"ஆறையும் யார் தெரிவுசெய்தது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஆறிலும் முள்ளந்தண்டு முறிந்திருந்ததா?"

"இரண்டில்."

புதுச் சட்டத்தரணிக்கு இந்த இடத்தில் உற்சாகம் பொங்கும். "அப்படியென்றால் அந்த இரண்டும் பெட்டியில் நசிந்து முறிந்திருக்கலாம் அல்லவா?" என்று கேட்டுவிடுவார். நிபுணர் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். "இல்லை. நசிந்தால் தோலிலும் தசையிலும் அடையாளம் இருக்கும். இவற்றில் வெளிக்காயமே இல்லை, காற்றுப்பை உள்ளிருந்து கிழிந்திருந்தது" என்று அவர் விளக்குவார். அரச தரப்பு கேட்க மறந்ததை எதிரி தரப்பே கேட்டுப் பதிவில் ஏற்றியாயிற்று. அனுபவசாலி "இரண்டில்" என்ற பதிலோடு உட்கார்ந்துவிடுவார். மீதி நாலு மீன் பற்றிய வாதத்தைத் தொகுப்புரையில் நீதவானிடம் வைப்பார். அங்கே மறுபடியும் வாய் திறக்க நிபுணர் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த உறவினருக்கு இது அரைகுறை வேலையாகத் தெரியும். மூன்று கேள்விக்கா இவ்வளவு காசு என்று வெளியில் முணுமுணுப்பார்கள்.

தாளையும் தடயத்தையும் வாசிக்கும் இந்தக் கலை இலங்கையில் பெரிய அளவில் வெளிப்பட்ட வழக்கு சதாசிவம் வழக்கு. மகாதேவ சதாசிவம் 1947 இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டம் குவித்தவர், 1948 இல் பிரட்மனின் அணி கொழும்பில் ஆடியபோது இலங்கைக் கிரிக்கெட் அணித் தலைவர். 1951 ஒக்டோபர் 9 அன்று பம்பலப்பிட்டி வீட்டில் அவர் மனைவி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். வேலைக்காரன் வில்லியம், தானும் எஜமானும் சேர்ந்து செய்தோம் என்று கூறி நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரச சாட்சியானான். சதாசிவத்துக்காக நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா, பின்னாளில் 1972 அரசியலமைப்பை ஆக்கியவரும் அவரே.

வழக்கின் அச்சு, உயிர் போன நேரம். அன்று காலை சதாசிவம் டாக்சியில் வீட்டை விட்டுக் கிளம்பியதற்குச் சாட்சி இருந்தது. மரணம் அதற்கு முன்னா, பின்னா? உடல் குளிர்ந்த வேகம், விறைத்த அளவு என்று மருத்துவமே விவாதமாயிற்று. எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் எதிரி தரப்பு நிபுணராக வந்தார். மாடி அறையில் கொன்றதாக வில்லியம் சொன்னான். இறந்தவரின் பாதங்களின் அடியில் ஒட்டியிருந்த அழுக்கோ சமையலறைத் தரையைக் காட்டியது. 1953 ஜூன் 25 அன்று யூரிமார் சதாசிவத்தை விடுவித்தனர். ஏறத்தாழ இருபது மாதம் அவர் மறியலில் இருந்திருந்தார். கொல்வினின் பேச்சாற்றல் பற்றி இன்றும் கதை சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, எதிரி தரப்பு பாதத்தின் அழுக்கைக் கவனித்தது.

யூரிமார் ஏழு பேர். தீர்ப்புக்குக் குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை தேவை. மேல் நீதிமன்றத்தில் கொலை போன்ற பாரதூரமான குற்றச்சாட்டுகளில் யூரி வேண்டுமா, தனி நீதிபதி போதுமா என்று எதிரியிடம் கேட்பார்கள். எந்த மொழி பேசும் யூரி என்பதும் இதற்குள் வரும். இந்தத் தெரிவின் எடை திருகோணமலை மாவட்டத்துக்குத் தெரியும். 1996 பெப்ரவரி 11 அன்று மூதூரை அடுத்த குமாரபுரத்தில் 24 பேர் கொல்லப்பட்ட வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, சிங்களம் பேசும் யூரியின் முன் நடந்தது. 2016 ஜூலையில் இராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலை. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்ட வழக்கில் 2019 இல் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று நீதவான் நீதிமன்றில் விடுவிக்கப்பட்டனர். எதிரி தரப்புச் சட்டத்தரணியை நம் பக்கத்து ஆளாக மட்டும் நினைத்துப் பழகியவர்களுக்கு இவை கசக்கும். கசக்க வேண்டியவைதான். ஆனால் கசப்பின் திசை சரியாக இருக்க வேண்டும். சாட்சிகளைப் பாதுகாத்து, தடயங்களைச் சேர்த்து வைப்பது அரசின் வேலை. அது செய்யப்படாத இடத்தில் எதிரிக்காக நின்றவரைத் திட்டிப் பயனில்லை.

"செய்தவனென்று தெரிந்தும் எப்படி நிற்கிறீர்கள்?" என்று கல்யாண வீடுகளில் இவர்களைக் கேட்பார்கள். நிரூபிக்கும் சுமை அரசினுடையது, நியாயமான சந்தேகம் மிஞ்சினால் எதிரிக்கு விடுதலை என்பது அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை வழியாகவும் நம்முடையது. கட்சிக்காரர் தன்னிடம் ஒப்புக்கொண்டதைச் சட்டத்தரணி வெளியே சொல்ல முடியாது. அதே வேளை வேறொருவன்தான் செய்தான் என்று தெரிந்தே பொய்க்கதை கட்டவும் கூடாது. அவருக்கு எஞ்சுவது, அரசு கொண்டுவந்த சாட்சியத்தின் பலத்தைச் சோதிப்பது. அந்தச் சோதனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாகாணத்திலேயே பாடம் இருக்கிறது.

1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அடித்து வாங்குவார்கள் என்பது வெள்ளைக்காரனுக்கும் தெரிந்திருந்தது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதை மாற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவர் பதிவுசெய்தால் வாக்குமூலம் செல்லும். தானாகக் கொடுக்கவில்லை என்று காட்டுவது எதிரியின் பொறுப்பு. 1993 இல் மட்டக்களப்பில் கைதான சிங்கராசாவின் வழக்கில் அரசிடம் இருந்தது அப்படியொரு வாக்குமூலம் மட்டுமே. தட்டச்சில் சிங்களம், அடியில் பெருவிரல் அடையாளம். சிங்களம் தெரியாது, என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமல் வைத்தேன் என்றார். மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். உடலில் காயத் தழும்புகளை மருத்துவ அறிக்கை சொன்னது. வாக்குமூலம் தானாகக் கொடுக்கப்பட்டதா என்று பார்க்கும் உண்மை விளம்பல் விசாரணை நடந்தது, வாக்குமூலம் ஏற்கப்பட்டது. 1995 இல் ஐம்பது வருடத் தண்டனை, 1999 இல் மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாகக் குறைந்தது. சுமையை எதிரியின் தலையில் வைத்தது தவறு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004 இல் சொன்னது. அந்தக் குழுவுக்கு முறையிடும் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006 இல் உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கில் நிற்கும் சட்டத்தரணி எதிரியின் தழும்புகளைத் தேதிவாரியாக எழுதி வைப்பது இதனால்தான்.

அரச தரப்பு முடிந்ததும் மேல் நீதிமன்ற நீதிபதி, எதிரியிடம் பதில் கேட்கும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்று கண்டால் அப்போதே விடுவிக்கலாம். இல்லையென்றால் எதிரிக்கு மூன்று வழி: மௌனம், சத்தியம் செய்து சாட்சிக்கூடு, அல்லது கூண்டிலிருந்தபடியே சத்தியமில்லாத கூற்று. பராசக்தி படத்தில் குணசேகரன் கூண்டில் நின்று பேசினானே, அதைப் போல. இங்கிலாந்து 1982 இல் இந்தக் கூண்டுக் கூற்றை ஒழித்தது; இலங்கையில் இன்னும் இருக்கிறது. குறுக்கு விசாரணை கிடையாது, ஆனாலும் அதையும் சாட்சியமாகக் கணிக்க வேண்டுமென்று 1968 இல் குலரத்ன வழக்கில் தீர்க்கப்பட்டது. சத்தியமும் குறுக்கு விசாரணையும் இல்லாததால் எடை கொஞ்சம் குறையும். கோபக்காரக் கட்சிக்காரரைச் சாட்சிக்கூட்டில் ஏற்றுவதா என்ற முடிவில் மூத்தவர்களுக்கே நித்திரை கெடும். குணசேகரன் நீளத்துக்குப் பேச விடமாட்டார்கள் என்பது நிச்சயம்; நாலு வசனம், எல்லாம் ஒத்திகை பார்த்தது.

காசில்லாதவருக்கும் வழியுண்டு. 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு ஒன்று. மேல் நீதிமன்றில் ஆளில்லாமல் நிற்பவருக்கு நீதிபதியே ஒரு சட்டத்தரணியை ஒப்படைப்பது இன்னொன்று. அப்படிக் கிடைப்பவர் பெரும்பாலும் இளையவர், கொடுப்பனவும் சொற்பம். பல பெரிய பெயர்களின் முதல் கொலை வழக்கு இந்த வழியாக வந்ததுதான்.

எந்த வழியாகப் போனாலும் முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போக வேண்டாம். பிடித்த நேரம், அப்போது பக்கத்தில் நின்றவர்கள், பொலிஸ் எடுத்துச் சென்ற பொருட்கள், கையெழுத்து வாங்கிய தாள் எந்த மொழியில் இருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களானால் அந்தத் துண்டு. ஞாபகம் மங்குவதற்கு முன் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். சம்பவத்தைப் பற்றி ஊர் சொல்லும் கதையை அதில் எழுத வேண்டாம்.