கண்ணாடிக் கடலும் அடைக்கலத் தொட்டியும்

கடலை நோக்குவார்க்கு அதன் அலையும் ஆழமுமே முதலிற் புலப்படும். ஆயின் கடல்வாழ் உயிர்களுக்கு அவற்றினும் இன்றியமையாதது அதன் மாறாமையாகும். ஆறுகள் பல வந்து கலப்பினும், எண்ணிறந்த உயிர்கள் மடிந்து அழுகினும், திறந்த கடலின் உப்பும் வெப்பமும் ஒரு நாளைக்குள் பெரிதும் வேறுபடுவதில்லை. நீரின் பெருக்கமே அதற்குக் காரணம். அவ்வுயிர்களுட் சிலவற்றைக் கண்ணாடித் தொட்டியில் இட்டு வளர்க்கப் புகுவோன், அவற்றினின்று முதற்கண் பறிப்பது இம்மாறாமையையே. பறித்ததனை ஒருவாறேனும் திரும்பக் கொடுக்கும் வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ் பயிலும் மாணவன் மீன்தொட்டியைப் பற்றி எழுதுவானேன் என நண்பர்கள் வினவக்கூடும். விலங்கியல் பயிலும் என் தோழர் ஒருவர் தம் இல்லத்தில் மூன்று கடல்நீர்த் தொட்டிகளை ஒரே நீரோட்டத்தால் இணைத்து வைத்திருந்தார். சென்ற கோடை விடுமுறையில் அவர் வெளியூர் சென்றிருந்த இரண்டு நாட்களில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தது. அவர் திரும்பியபோது தரையெங்கும் உப்புநீர் காய்ந்து வெண்ணிறமாய்ப் படிந்திருந்தது. இறைக்கும் யந்திரம் எரிந்துபோயிருந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் இறந்து மிதந்தன. தரையைத் துடைக்க உடன்சென்ற நான், பிழை எங்குளது என்று அவரோடு அமர்ந்து கணக்கிட்டேன். அக்கணக்கே இதனை எழுதத் தூண்டிற்று.

பல தொட்டிகளுக்கு ஒரே நீரைச் சுழலவிடும் முறை புதியதன்று. இலண்டன் மாநகரின் அருகே 1871ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட படிக மாளிகை மீன்காட்சிச் சாலையை வில்லியம் ஆல்ஃபர்டு லாயிடு என்பார் அமைத்தார். காண்போர் கண்ட தொட்டிகளைக் காட்டிலும் பன்மடங்கு பெரியதொரு நீர்நிலை அவற்றின் கீழே இருளிலும் குளிர்ச்சியிலும் இருந்தது. நீராவி யந்திரம் அந்நீரை இரவும் பகலும் மேலேற்ற, அது தொட்டிகளிற் பாய்ந்து மீண்டும் கீழே வந்தது. காண்பதற்குச் சிறிதும் காவாதற்குப் பெரிதுமாக நீரை வகுத்ததே லாயிடின் நுண்ணறிவு. 1874இல் நேப்பிள்ஸ் நகரில் திறக்கப்பட்ட மீன்காட்சிச் சாலைக்கும் அவர் துணைபுரிந்தார்.

அக்கீழ்நிலையின் சிறு வடிவமே இன்று 'சம்ப்' எனப்படுவது. நம் வீடுகளில் நிலத்தடி நீர்த்தொட்டியையும் இப்பெயராலேயே வழங்குகின்றனர். இதனைக் கீழ்த்தொட்டி என்போம். இதன் இயக்கத்தை அறிய நம் ஏரிகளை நினைத்தல் போதும். ஏரி நிரம்பியதும் மிகைநீர் கலிங்கின் வழியே வழிகின்றது. ஆதலின் நீர்மட்டம் கலிங்கின் உயரத்தைப் பெரிதும் மிஞ்சுவதில்லை. அவ்வாறே ஒவ்வொரு கண்ணாடித் தொட்டியின் மேல்விளிம்பருகே ஒரு சிறு கலிங்கு அமைத்து, வழியும் நீரைக் குழாயாற் கீழ்த்தொட்டிக்கு விடுகின்றோம். ஆங்கிருந்து யந்திரம் அதனை மேலேற்றுகின்றது. ஆனால் ஏரித் தொடரில் மேலேரியின் மிகைநீர் கீழேரிக்குச் செல்வதுபோல ஒரு தொட்டியின் நீரை மற்றொன்றினுள் விடுதல் ஈண்டு நன்றன்று. முதற்றொட்டியின் அழுக்கைக் கடைத்தொட்டி சுமக்க நேரும். ஒவ்வொன்றற்கும் தனி வடிகுழாயும், நீரேறும் குழாயில் தனி அடைப்பானும் வேண்டும். ஒன்றைப் பழுதுபார்க்கும்போது ஏனையவை தடையின்றி இயங்குதற்கு இதுவே வழி.

இனித் தோழர் செய்த பிழையைக் காண்போம். யந்திரம் நின்றவுடன், நீரேற்றும் குழாயின் வாய் நீருள் மூழ்கியிருக்குமாயின், அதே குழாய் வழியே நீர் பின்னோக்கி இறங்கத் தொடங்கும். வாய் வெளிப்பட்டுக் காற்றுப் புகும்வரை அது நில்லாது. அவர் தொட்டிகள் ஒவ்வொன்றும் 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உடையன. குழாயின் வாய் நீர்மட்டத்திற்கு 3 செ.மீ. கீழே இருந்தது. ஆகவே ஒரு தொட்டியினின்று 16.2 லிட்டரும், மூன்றினின்றும் 48.6 லிட்டரும் இறங்கும். குழாய்களில் நின்ற நீரையும் கூட்டினால் ஏறத்தாழ 54 லிட்டர். கீழ்த்தொட்டியோ 100 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உடையது. அதில் 32 செ.மீ. வரை நீர் நின்றது. எஞ்சிய 8 செ.மீ. வெற்றிடம் 32 லிட்டரையே ஏற்கும். மிஞ்சிய 22 லிட்டர் தரையிற் சிந்திற்று.

தீமை அத்துடன் நிற்கவில்லை. மின்சாரம் மீண்டதும் யந்திரம் தொட்டிகளை நிரப்பிற்று. கீழ்த்தொட்டியின் ஏனைய அறைகளில் நீர்மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடிகள் காத்தன. குறைந்த 22 லிட்டர் முழுவதும் யந்திரம் நிற்கும் கடை அறையிலேயே குறைந்தது. அவ்வறை 20 செ.மீ. அகலமே உடையதாகலின் அதன் நீர் 27 செ.மீ.க்கு மேல் தாழ்ந்தது. யந்திரம் நீரின்றிக் காற்றை உறிஞ்சி எரிந்தது. நீரோட்டம் நின்றது, மீன்கள் மடிந்தன. அவர் மீன்களிடத்து அன்பில்லாதவர் அல்லர். அளவு பாராமையே அவற்றைக் கொன்றது.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, குழாயின் வாயை நீர்மட்டத்திற்கு ஒரு செ.மீ. கீழே உயர்த்துதல். இரண்டாவது, இறங்கக்கூடிய நீர் முழுவதையும் ஏற்கும் வெற்றிடத்தைக் கீழ்த்தொட்டியில் எப்போதும் விட்டுவைத்தல். பின்னோட்டத்தைத் தடுக்கும் அடைப்பான்களும் குழாயில் இடும் சிறு காற்றுத் துளைகளும் உண்டெனினும், உப்பும் பாசியும் நத்தையும் அவற்றைக் கெடுக்குமாதலின் அவற்றையே நம்பியிருத்தல் தகாது. மூன்றாவது, வடிகுழாய் அடைபட்டால் உதவும்பொருட்டுச் சற்று உயரத்தில் இரண்டாவது வடிகுழாயொன்று வைத்தல். யந்திர அறை சிறிதாயிருத்தலால் ஒரு நன்மையும் உண்டு: வடிகுழாய் அடைபட்டபோது அவ்வறையின் நீர் முழுவதும் மேலேறினும், தொட்டியின் விளிம்பில் விட்ட இடம் அதனை ஏற்குமாறு அளந்து கொள்ளலாம்.

கடல்நீர் ஆவியாகுங்கால் நீர் செல்லும், உப்பு நிற்கும். கலிங்கு இருத்தலால் மேற்றொட்டிகளில் மட்டம் குறையாது. குறைவு யந்திர அறையிலேயே தோன்றும். ஆங்கே நன்னீரை நாள்தோறும் ஊற்றி ஈடுசெய்தல் வேண்டும். உப்புநீரை ஊற்றின் உப்பு மிகும்.

கீழ்த்தொட்டியின் முதல் அறையில் நுரைபிரிப்பான் வைக்கப்பெறும். அது நுண்குமிழிகளை எழுப்பி, நீரிற் கரைந்த உயிர்க்கழிவுகளை நுரையாக வெளியேற்றும். இடையறையே நம் பொருளின் உயிர்நிலை. மேலைநாட்டார் இதனை 'ரெஃப்யூஜியம்' என்பர். யோர்தானின் இருமருங்கும் மும்மூன்றாக அமைந்த ஆறு அடைக்கலப் பட்டணங்களை வேதாகமத்தில் அறிந்தோம். மாதரியினிடம் கண்ணகியை ஒப்புவிக்கும் அடைக்கலக் காதையைச் சிலம்பிற் பயின்றோம். எனவே இதனை அடைக்கலத் தொட்டி எனல் பொருந்தும். இங்கே மீன்கள் இல்லை. ஆதலின் மீன்களுக்கு இரையாகும் கோபிபாடு முதலிய நுண்ணிறால் இனங்கள் அஞ்சாது பெருகும். அவற்றுட் சில நீரோடு மேலேறி மீன்களுக்கு உணவாகும். மாண்டரின் மீன் பெரும்பாலும் இத்தகைய நுண்ணுயிர்களையே உண்பது. ஏனை மீன்கள் வயிறார உண்ணும் தொட்டியிலும் அது மெல்ல மெல்லப் பட்டினியால் இறத்தல் உண்டு.

இத்தொட்டியின் மற்றொரு பயன் பாசி வளர்ப்பு. மீன்கள் வெளியிடும் அமோனியாவைப் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாசி உண்டு வளரும். வளர்ந்த பாசியை அவ்வப்போது கொய்து எறிந்தாலன்றிக் கழிவு நீங்காது. கொய்யாது விட்டால் அது அழுகி, உண்டதனை மீண்டும் நீருக்கே கொடுத்துவிடும். பாசியாற் கடல்நீரைத் தூய்தாக்கும் இம்முறையை அமெரிக்க நாட்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சார்ந்த வால்ட்டர் ஏடி என்னும் அறிஞர் ஆராய்ந்து வளர்த்தார். காரன் லவ்லண்டுடன் அவர் எழுதிய 'டைனமிக் அக்குவேரியா' என்னும் நூல் 1991இல் வெளிவந்தது.

அடைக்கலத் தொட்டியின் விளக்கை இரவில் ஏற்றுதல் நன்று. மேற்றொட்டிகள் இருளில் கரியமிலவாயுவை வெளியிட, நீரின் காரத்தன்மை குறையும். அவ்வேளையில் கீழே பாசி ஒளிபெற்று அவ்வாயுவை ஏற்பின், அக்குறைவு ஓரளவு தடுக்கப்படும். நூலுருண்டை போன்ற கீட்டோமார்ஃபா என்னும் பாசி இதற்கு ஏற்றது. காலெர்ப்பா என்னும் இனம் சிற்சில வேளைகளில் தன் உட்பொருளையெல்லாம் ஒருங்கே நீரிற் கொட்டி மடியும். அவ்வினத்துள் ஒன்று 1984இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தை அடுத்த கடலிற் காணப்பட்டு, பின்னர் மத்தியதரைக் கடலிற் பரவித் துன்பம் விளைத்தது. ஆதலின் கொய்த பாசியைக் கடலிலோ கால்வாயிலோ எறியலாகாது.

பொதுநீரின் குறையையும் மறைத்தல் கூடாது. நீர் ஒன்றாயின் நோயும் ஒன்றே. ஒரு தொட்டியில் வெண்புள்ளி நோய் தோன்றின் மூன்றிலும் பரவும். அதற்கு இடும் செம்பு மருந்து இறாலினங்களையும் பவள உயிர்களையும் கொல்லும். எனவே புதிதாய் வரும் மீனைச் சில வாரம் தனித்த நீரில் வைத்துக் காத்தபின்னரே சேர்த்தல் வேண்டும். அத்தனித்தொட்டி இவ்வோட்டத்துடன் எவ்வாற்றானும் இணையாதிருத்தல் முறை.

விடுமுறை முடியுமுன் தோழரும் நானும் தடுப்புகளைத் தாழ்த்திக் கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்தை 25 செ.மீ. ஆக்கினோம், குழாய்களின் வாயை உயர்த்தினோம். பின்னர் ஒரு மாலை நாங்களே மின்விசையை நிறுத்தி, தரையில் அமர்ந்து பார்த்தோம். நீர் ஏறிற்று, ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில் நின்றது. தரை நனையவில்லை. புதிய மீன்களை வாங்க அதன் பின்னரே அவர் இசைந்தார். தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வழியை நாம் எந்த உயிரினிடமிருந்து நீக்கினோமோ, அதனைக் காக்கும் கடமை நம்மேல் விழுகின்றது. அக்கடமையைச் செய்ய அன்பு வேண்டும், அளவுகோலும் வேண்டும்.