கண்ணாடி மாட்டுறது ஈஸி... தண்ணி எங்க போகும்? வாக்-இன் ஷவரை நாமே அமைக்கலாமா?

பாத்ரூமுக்குள் ஒரு கண்ணாடித் தடுப்பு, தலைக்கு மேல் அகலமான ஷவர், கதவே கிடையாது, நேரா நடந்து உள்ளே போய்க் குளிக்கலாம். இதுதான் வாக்-இன் ஷவர். 'வீக் எண்ட்ல நானே செஞ்சேன்' என்று யாரோ போடும் ரீல்ஸைப் பார்த்து, நம்ம வீட்டிலும் செஞ்சா என்ன என்று ஆசை வருவது நியாயம்தான். ஆனால், அந்த வீடியோக்களில் நிறைய அமெரிக்கா, பிரிட்டன் வீடுகளில் எடுத்தவை. அங்கே மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவர்கள் சகஜம். பல வீடுகளில் தரையும் பலகைதான். இருக்கிற பாத்டப்பைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ரெடிமேட் ஷவர் ட்ரேயை உட்கார வைப்பார்கள். நம்ம வீட்டில் கான்கிரீட் தளம், செங்கல் சுவர், அதன் மேல் டைல்ஸ். பிடுங்குறதுக்கு பாத்டப் எங்க இருக்கு?

உண்மையைச் சொன்னால், நம்ம பாத்ரூம் மொத்தமுமே ஒரு வாக்-இன் ஷவர்தான். பக்கெட்டில் மொண்டு ஊற்றினாலும் சரி, ஷவரில் நின்றாலும் சரி, தரை முழுக்க ஈரம். ஆக, நாம் செய்யப்போகிற வேலை அந்த ஈரத்தை ஒரு மூலையோடு நிறுத்துவது. அழகு என்பது கூடவே வரும் போனஸ். நீங்கள் அவசரமாகக் குளித்துவிட்டு ஆபீஸ் கிளம்பிய பிறகு, அதே ஈரத்தரையில் நடந்து டாய்லெட் போவது அம்மாவோ தாத்தாவோதான். அந்த வயதில் ஒரு முறை வழுக்கி விழுந்தால், இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கை என்று ஆகிவிடலாம்.

முதல்ல ஒரு பக்கெட் தண்ணி

கண்ணாடிக் கடைக்குப் போகும் முன் ஒரு டெஸ்ட். பாத்ரூம் தரை நன்றாகக் காயட்டும். ஷவர் வரப்போகிற இடத்தில் ஒரு பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, ஓரமாக நின்று வேடிக்கை பாருங்கள். தண்ணீர் தேங்காமல் ஜாலியை நோக்கி ஓடுகிறதா, இல்லை வெஸ்டர்ன் டாய்லெட் பக்கமோ வாசல் பக்கமோ போகிறதா? கொத்தனார்கள் 'வாட்டம்' என்று சொல்வது இதைத்தான். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். ஜாலி, ஷவர் மூலையிலேயே இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எதிர் மூலையில் இருந்தால், என்னதான் கண்ணாடி வைத்தாலும் தண்ணீர் அதன் அடியில் புகுந்து ஈரமில்லாத பக்கம் வந்துதான் வடியும்.

இந்த டெஸ்ட்டில் பாஸ் என்றால், தரையை உடைக்காமலே வேலையை முடிக்கலாம். கொஞ்சம் கைவேலை தெரிந்தவர் ஒரு துணையோடு செய்துவிடக்கூடியதுதான்.

ஃபெயில் என்றால் தரையை உடைத்து வாட்டம் மாற்ற வேண்டும். அதை நீங்களே செய்யாதீர்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பல அபார்ட்மென்ட்களில் பாத்ரூம் தளத்தைக் கொஞ்சம் பள்ளமாக இறக்கிக் கட்டி, பைப்புகளை ஓட்டி, வாட்டர் ப்ரூஃபிங் செய்து, மேலே நிரப்பி டைல்ஸ் போட்டிருப்பார்கள். சுத்தியல் அந்த வாட்டர் ப்ரூஃபிங் அடுக்கைக் கிழித்தால், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சில வாரங்கள் கழித்து கீழ் வீட்டு சீலிங்கில் மஞ்சள் திட்டு வரும், அப்புறம் பெயின்ட் உரியும், அப்புறம் கீழ் வீட்டு அங்கிள் காலிங் பெல் அடிப்பார். கசிவு தொடர்ந்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து, சிமென்ட் பெயர்ந்து விழும் வரை போகும்.

ஆள் வைத்துத் தரையை மாற்றினாலும் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாட்டர் ப்ரூஃபிங் கோட்டிங் இரண்டு தடவை அடித்துக் காய்ந்த பிறகு, டைல்ஸ் ஒட்டும் முன், ஜாலியை அடைத்துவிட்டு ஒரு இன்ச்சாவது தண்ணீர் கட்டி 24 மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த நாள் கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டு, சீலிங்கைப் போய்ப் பாருங்கள். 'அதெல்லாம் தேவையில்ல சார்' என்பார்கள். தேவை. டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவைக் கண்டுபிடித்தால் மொத்தத்தையும் திரும்ப உடைக்க வேண்டும். ஷவர் வரும் சுவரிலும் ஆறடி உயரம் வரை அந்தக் கோட்டிங் அடிக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடி: ஒருமுறை அளந்தால் போதாது

குளிக்கும் இடம் குறைந்தது மூன்றடிக்கு மூன்றடி இருக்க வேண்டும். கதவில்லாமல் இருக்கும்போது தண்ணீர் தெறிக்கும் என்பதால், நீளம் நாலடிக்கு மேல் கிடைத்தால் நல்லது. உள்ளே போகும் வழி இரண்டடிக்குக் குறையக் கூடாது. உங்க பாத்ரூம் மொத்தமே நாலுக்கு ஆறுதான் என்றால், கண்ணாடி ஆசையை விட்டுவிட்டு ராடும் ஷவர் கர்ட்டனும் மாட்டுங்கள். பார்க்க அவ்வளவு ஸ்டைலாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

கண்ணாடி என்றால் டஃபண்டு கிளாஸ் மட்டும்தான், 8 அல்லது 10 மி.மீ. கனம். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி நீளநீளமாகப் பிளக்கும். டஃபண்டு கிளாஸ் சின்னச் சின்னத் துண்டுகளாக நொறுங்கும். பாத்ரூமில் நாம் எந்த உடையும் இல்லாமல் நிற்கிறோம் என்பதை யோசித்தால், இதில் காசை மிச்சம் பிடிக்க மனசு வராது. கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ். 2553 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண் அது.

டஃபண்டு செய்த பிறகு அதை வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. அரை இன்ச் கூடிப்போனாலும் முழுசா வேஸ்ட். நம்ம சுவர்கள் பார்க்க நேராக இருந்தாலும் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் சாய்ந்திருக்கும். அதனால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரே வந்து அளப்பார் என்றால் அவரிடமே விடுங்கள். அளவு தப்பினால் பொறுப்பும் அவருடையது.

மூன்றடி அகலம், ஆறரை அடி உயரத்தில் 8 மி.மீ. கண்ணாடி சுமார் 36 கிலோ இருக்கும். ஒரு ஆள் தனியாகத் தூக்குகிற விஷயம் இல்லை. முக்கியமாக, அதை நேரடியாக டைல்ஸ் மேல் நிறுத்தாதீர்கள். டஃபண்டு கிளாஸின் பலவீனமே அதன் ஓரமும் மூலையும்தான். பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு அதன் மேல் நிறுத்துங்கள்.

மாட்டும்போது

சுவரில் வரும் அலுமினிய சேனலுக்கு மட்டும் துளை போட்டால் போதும். குழாய்க்கும் ஷவருக்கும் நேர் மேலே, கீழே பைப் ஓடும் வாய்ப்பு அதிகம். அந்தக் கோட்டைத் தவிருங்கள். டைல்ஸ் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸ் பிட் போட்டு, ஹேமர் மோடை ஆஃப் செய்துவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் ஹேமர். தரையில் துளை வேண்டவே வேண்டாம். மேலே படித்த வாட்டர் ப்ரூஃபிங்கில் நாமே ஓட்டை போடுகிற மாதிரி ஆகிவிடும். கீழ் சேனலை சிலிகானில் ஒட்டினாலே நிற்கும். கண்ணாடியின் மேல் ஓரத்திலிருந்து சுவருக்கு ஒரு சப்போர்ட் ராடு கட்டாயம். யாராவது தடுமாறிச் சாய்ந்தால் தாங்கப்போவது அதுதான்.

சிலிகானில், திறந்ததும் வினிகர் வாடை அடிக்கிற வகை உலோகத்தை அரிக்கும். 'நியூட்ரல்', 'ஆன்டி ஃபங்கல்' என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டிய பிறகு 24 மணி நேரம் அந்தப் பக்கம் யாரும் குளிக்கக் கூடாது. வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம்தான் என்றால், முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது!

தண்ணீர் வெளியே வராமலிருக்க அரை இன்ச் கிரானைட் பட்டி ஒட்டுவது நம்ம ஊர் வழக்கம். வீட்டில் வாக்கர் பயன்படுத்துபவர் இருந்தால் அதைத் தவிருங்கள். காலில் தட்டும். அதற்குப் பதில் ஷவருக்குள் ஒரு கைப்பிடி மாட்டுங்கள்.

ரெயின் ஷவர் வாங்கும் முன்...

மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் உயரத்திலிருந்துதான் கிடைக்கிறது. 10 மீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட 1 பார். நீங்கள் மேல் மாடியில் இருந்து, டேங்க் உங்கள் ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் வெறும் 0.3 பார்தான். அதில் பெரிய ரெயின் ஷவர் மழையாகப் பெய்யாது, சொட்டும். சின்ன ஹெட் வாங்குங்கள், அல்லது பிரஷர் பம்ப் யோசியுங்கள். மிக்ஸர் மாற்றுவது நீங்களே செய்யக்கூடியதுதான். வழக்கமான வால் மிக்ஸரில் சூடு, குளிர் இரண்டு இணைப்புக்கும் நடுவே 6 இன்ச் இடைவெளி இருக்கும். அதே அளவில், சுவருக்கு வெளியே நிற்கும் ஷவர் செட் வாங்கினால் சுவரை உடைக்க வேண்டாம். கேட் வால்வை மூடிவிட்டு, டெஃப்லான் டேப் சுற்றி மாட்டுங்கள். ஆனால், கீஸர் பாயின்ட்டை இடம் மாற்றுவது, ஒயர் இழுப்பது எல்லாம் எலெக்ட்ரீஷியன் வேலை. அவர் வரும்போதே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் நொடிக்குள் லைனைத் துண்டிப்பது அதுதான்.

கடைசியாக, போர் தண்ணீர். உப்பு அதிகமுள்ள ஏரியா என்றால் ரெண்டே வாரத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டு படியும். குளித்து முடித்ததும் ஒரு சின்ன ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே இழுத்துவிட்டால் போதும், அரை நிமிஷ வேலை. படிந்துவிட்டால், வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். மார்பிள் மேல் மட்டும் அது படக் கூடாது. வைப்பரை ஷவருக்குள்ளேயே ஒரு கொக்கியில் மாட்டிவையுங்கள். வெளியே வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.