கெமிக்கல் இல்லாத அச்சு பிளேட்: உங்கள் பைல் அலுமினியத்தில் ஏறுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், கடிதம் டைப் செய்யப் பழகியவுடன் அடுத்ததாக இறங்கும் வேலை பெரும்பாலும் ஓர் அழைப்பிதழாகவோ, கடைக்கான நோட்டீஸாகவோ இருக்கும். பத்து பிரதிகள் என்றால் வீட்டில் உள்ள பிரிண்டரே போதும். ஆயிரம் பிரதிகள் என்றால் ஆப்செட் அச்சகத்திற்குச் செல்வதுதான் கட்டுப்படியாகும். பைலை பென் டிரைவில் கொண்டு போய்க் கொடுக்கிறோம். சில நாட்களில் கட்டுக் கட்டாக அச்சாகி வருகிறது. இடையில் என்ன நடக்கிறது?

இடையில் இருப்பது ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. அச்சகங்களில் இதனை "பிளேட்" என்பார்கள். கம்ப்யூட்டர் பைல் முதலில் இந்தப் பிளேட்டில் ஏற வேண்டும். பிளேட்டிலிருந்துதான் தாளுக்கு வர வேண்டும். பிளேட் தயாரிக்க, காரத் தன்மை மிகுந்த டெவலப்பர் என்ற கெமிக்கல் காலம் காலமாகப் பயன்பட்டு வருகிறது. இது தேவைப்படாத பிளேட்டுகளுக்கு இப்போது பல அச்சகங்கள் மாறி வருகின்றன. அவை எப்படி இயங்குகின்றன, உண்மையிலேயே கெமிக்கல் இல்லையா, உங்கள் பைலுக்கும் இந்த மாற்றத்திற்கும் என்ன தொடர்பு என்பதை இங்கு காணலாம்.

தண்ணீரும் எண்ணெயும்

ரப்பர் ஸ்டாம்பில் எழுத்துகள் மேடாக இருக்கும். மேட்டில் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. ஆப்செட் பிளேட்டில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தடவிப் பார்த்தால் சமதளம்தான். அப்படியானால் மை எப்படி எழுத்தில் மட்டும் ஒட்டுகிறது?

எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடு ஒன்று சேராது அல்லவா? இந்த ஒரே தத்துவம்தான். ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர், 1796 ஆம் ஆண்டு வாக்கில் சுண்ணாம்புக் கல்லை வைத்து இந்த முறையைக் கண்டறிந்தார். கல்லின் இடத்தில் இன்று அலுமினியம் இருக்கிறது. பிளேட்டில் எழுத்தும் படமும் உள்ள இடங்களில் ஒரு பூச்சு இருக்கும். அது எண்ணெய் கலந்த மையை ஏற்கும். மற்ற இடங்களில் அலுமினியம் வெறுமையாக இருக்கும். அது தண்ணீரைப் பிடித்துக் கொள்ளும். மெஷின் சுற்றும்போது பிளேட்டின் மேல் முதலில் தண்ணீர், பின்னர் மை எனத் தடவப்படுகிறது. தண்ணீர் உள்ள இடத்தில் மை ஒட்டாது. ஒட்டிய மை, பிளாங்கெட் எனப்படும் ரப்பர் விரிப்பில் பதிந்து, அங்கிருந்து தாளுக்குச் செல்கிறது.

ஆக, பிளேட் தயாரிப்பது என்பது பூச்சு இருக்க வேண்டிய இடத்தில் வைத்துக் கொண்டு, வேண்டாத இடத்தில் அகற்றுவதுதான். அந்த அகற்றும் வேலைக்குத்தான் கெமிக்கல் தேவைப்பட்டது.

பிலிமிலிருந்து லேசருக்கு

முன்பு, கம்ப்யூட்டரில் தயாரான பக்கத்தை முதலில் பிலிமாக எடுப்பார்கள். பிலிமைப் பிளேட்டின் மேல் வைத்து, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, பின் டெவலப்பரில் கழுவுவார்கள். பிலிமைக் கழுவ ஒரு கெமிக்கல், பிளேட்டைக் கழுவ மற்றொரு கெமிக்கல் என இரட்டை வேலை.

1990களின் நடுவில், கம்ப்யூட்டரிலிருந்து நேரடியாகப் பிளேட்டில் எழுதும் மெஷின்கள் விற்பனைக்கு வந்தன. இவற்றை சி.டி.பி. என அழைக்கிறோம். பிலிம் விடைபெற்றது. இதில் உங்கள் பைல் முதலில் ரிப் என்னும் சாப்ட்வேருக்குச் செல்லும. அது பக்கம் முழுவதையும் சின்னஞ்சிறு புள்ளிகளாக மாற்றும். ஒவ்வொரு புள்ளியிலும் லேசர் பட வேண்டுமா, வேண்டாமா என்ற இரண்டே விடைகள்தான். அதாவது 1 அல்லது 0.

அங்குலத்திற்கு 2400 புள்ளிகள் என்ற அளவில் ஓர் ஏ4 பக்கத்தைக் கணக்கிட்டால், சுமார் 55 கோடி புள்ளிகள் வருகின்றன. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் ஏறத்தாழ 70 எம்.பி. அளவுள்ள தகவல். கலர் அச்சுக்கு நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என நான்கு பிளேட்டுகள் வேண்டும். எனவே நான்கு மடங்கு. நீங்கள் கொடுத்த பைல் 2 எம்.பி. மட்டுமே இருந்தாலும், அச்சகத்தில் அது இவ்வளவு பெரிதாகிறது.

தெர்மல் வகை சி.டி.பி. மெஷின்களில் 830 நானோ மீட்டர் அலைநீளம் கொண்ட லேசர் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிர், பூச்சைச் சூடாக்கி மாற்றுகிறது. பிலிம் போய்விட்டதே தவிர, வேண்டாத பூச்சைக் கரைக்கும் டெவலப்பர் அப்படியேதான் இருந்தது.

டெவலப்பரில் என்ன தொல்லை?

ஒரு திரவம் அமிலமா, காரமா என்பதை பி.எச். என்ற எண்ணால் குறிப்பார்கள். சுத்தமான தண்ணீருக்கு 7. தெர்மல் பிளேட்டுகளுக்கான பல டெவலப்பர்களுக்கு இது 13 வரை இருக்கும். ஒவ்வோர் எண் கூடும்போதும் காரத்தன்மை 10 மடங்கு கூடும். எனவே 7க்கும் 13க்கும் இடையே உள்ள வேறுபாடு 10 லட்சம் மடங்கு. கையில் பட்டால் தோலை அரிக்கும். கண்ணில் தெறித்தால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதனைக் கையாளக் கூடாது.

தொல்லை இதனுடன் முடிவதில்லை. டெவலப்பர், காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சிக் கொண்டு வீரியம் குறைந்து வரும். பிளேட் எதுவும் போடாமல் சும்மா இருந்தாலும் இது நடக்கும். வெப்பநிலை கூடினாலோ குறைந்தாலோ, புள்ளிகளின் அளவு மாறி, அச்சில் கலர் மாறும். பிளேட் கழுவும் பிராஸஸர் மெஷினின் ரோலர்களில் கசடு படியும். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, கழுவி, புது டெவலப்பர் ஊற்ற வேண்டும். கழித்த டெவலப்பரில் காரமும், கரைந்த பூச்சும் கலந்திருக்கும். சுத்திகரிக்காமல் சாக்கடையில் விடக் கூடாது. இவை தவிர, ஒவ்வொரு பிளேட்டையும் அலசத் தண்ணீர் வேண்டும். சிவகாசி போல அச்சகங்கள் நிறைந்து, தண்ணீர் குறைந்த ஊர்களில் இது சிறிய செலவல்ல.

இரண்டு வகைப் பிளேட்டுகள்

கெமிக்கல் இல்லாத பிளேட் எனப் பொதுவாகச் சொன்னாலும், இதில் இரண்டு வகைகள் உள்ளன.

முதல் வகை, கம் மட்டும் கொண்டு கழுவப்படுவது. அக்ஃபா நிறுவனம் 2004ல் அறிமுகப்படுத்திய அசுரா பிளேட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. (இந்நிறுவனத்தின் ஆப்செட் பிரிவு 2023ல் கைமாறி, இப்போது இகோ3 என்ற பெயரில் இயங்குகிறது.) இந்தப் பிளேட்டின் பூச்சு, மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களால் ஆனது. லேசரின் சூடு பட்ட இடத்தில் துகள்கள் உருகி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, அலுமினியத்தில் இறுகப் பற்றிக் கொள்ளும். சூடு படாத துகள்கள் தளர்வாகவே இருக்கும். கம் எனப்படும் கோந்துக் கரைசலை விட்டுத் தேய்த்தால் அவை வந்துவிடும். வழக்கமான முறையிலும் இறுதியில் பிளேட்டைப் பாதுகாக்கக் கம் பூசுவார்கள். இங்கே அந்தக் கம்மே கழுவும் வேலையையும் செய்துவிடுகிறது.

இரண்டாவது வகையில் கழுவும் மெஷினே இல்லை. லேசரில் எழுதியவுடன் பிளேட்டை நேராக அச்சு மெஷினில் மாட்டிவிடலாம். கோடக் நிறுவனம் 2012ல் கொண்டு வந்த சொனோரா பிளேட் இவ்வகையைச் சேர்ந்தது. மெஷின் சுற்றத் தொடங்கியவுடன் தண்ணீர் பூச்சை இளக்கும். பிசுபிசுப்பான மை அதனை இழுத்து எடுக்கும். கழன்ற பூச்சு முதலில் ஓடும் சில தாள்களோடு போய்விடும். எப்படியும் கலர் சரி செய்வதற்காகச் சில தாள்கள் வீணாகும். அந்தத் தாள்களிலேயே இந்த வேலையும் முடிந்துவிடுகிறது.

உண்மையிலேயே கெமிக்கல் இல்லையா?

இல்லாமல் போவது டெவலப்பர் மட்டும்தான். முதல் வகையில் கம் இருக்கிறது. அதுவும் பயன்படுத்திய பின் கழிவாகும். ஆனால் கையை அரிக்கும் அளவு காரம் அதில் இல்லை. மெஷினில் ஓடும் தண்ணீரோடு பவுண்டன் சொல்யூஷனும், பல இடங்களில் ஆல்கஹாலும் சேர்க்கப்படுகின்றன. பிளாங்கெட்டைத் துடைக்கும் திரவமும் உண்டு. இவை பிளேட்டை மாற்றுவதால் மறைந்துவிடாது. எனவே விளம்பரத்தில் "கெமிக்கல் இல்லை" எனப் பார்த்தால், "பிளேட் கழுவும் டெவலப்பர் இல்லை" என எடுத்துக் கொள்ளுங்கள்.

எந்த அச்சகத்திற்கு லாபம்?

இந்தப் பிளேட்டின் விலை பொதுவாகச் சற்றுக் கூடுதல். பின் எப்படி லாபம் வரும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அச்சகம் மாதம் 500 பிளேட் போடுகிறது என வைத்துக் கொள்வோம். டெவலப்பர், தண்ணீர், மின்சாரம், பிராஸஸரைச் சுத்தம் செய்யும் கூலி, கழிவுச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ரூபாய் என்றால், பிளேட் ஒன்றுக்கு 30 ரூபாய் ஆகிறது. புதிய பிளேட்டின் விலை 20 ரூபாய் கூடுதல் என்றால் மாறுவது லாபம்; 40 ரூபாய் கூடுதல் என்றால் நஷ்டம்.

இன்னொன்றையும் இதில் கவனிக்க வேண்டும். டெவலப்பர் சும்மா இருந்தாலும் கெட்டுப் போகும் என்று பார்த்தோம். அதே அச்சகம் 200 பிளேட்தான் போடுகிறது என்றால், தொட்டிச் செலவு அதே விகிதத்தில் குறையாது. பிளேட் ஒன்றுக்கு ஆகும் செலவு கூடிவிடும். ஆகவே அளவாகப் பிளேட் போடும் சிறிய, நடுத்தர அச்சகங்களுக்கு இந்த மாற்றம் கூடுதல் பயன் தரும். சொந்தமாக சி.டி.பி. இல்லாமல் வெளியில் பிளேட் வாங்கும் அச்சகங்கள், தமக்குப் பிளேட் தருபவரிடம் இதனைக் கேட்டுப் பார்க்கலாம்.

மாறும் முன் பார்க்க வேண்டியவை

1. ஒரு கம்பெனி பிரிண்டருக்கான கார்ட்ரிட்ஜ் இன்னொன்றில் பொருந்தாதது போல, தெர்மல் லேசருக்கான பிளேட், வயலட் லேசர் மெஷினில் இயங்காது. கையில் உள்ள மெஷினுக்கு ஏற்ற பிளேட்டைத்தான் வாங்க வேண்டும்.

2. சில பிளேட்டுகளுக்கு லேசரின் சக்தி கூடுதலாகத் தேவைப்படும். அப்போது மணிக்கு எழுதும் பிளேட்டுகளின் எண்ணிக்கை குறையும்.

3. எத்தனை பிரதிகள் தாங்கும் என்பது பிளேட்டுக்குப் பிளேட் மாறும். யு.வி. மை பயன்படுத்தினால் இந்த எண்ணிக்கை மேலும் குறையலாம். முதலில் ஒரு பெட்டி வாங்கி, வழக்கமான வேலையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

4. நேராக மெஷினில் மாட்டும் பிளேட்டில் மேல் பூச்சு இன்னும் கழுவப்படவில்லை. எனவே கீறல் படாமல் கையாள வேண்டும். நெடுநேரம் வெளிச்சத்தில் வைக்கக் கூடாது.

5. கழுவிய பிளேட்டில் எழுத்துகள் பளிச்செனத் தெரியும். புதிய வகைகள் பலவற்றில் உருவம் மங்கலாகத்தான் தெரியும். பிளேட்டைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது கடினம்.

உங்கள் பைலுக்கு என்ன தொடர்பு?

இந்த ஐந்தாவது குறிப்புதான் உங்களைத் தொடுகிறது. பிலிம் இருந்த காலத்தில், அதனை விளக்குக் கண்ணாடி மேல் வைத்துப் படித்துப் பார்ப்பார்கள். தவறான வரியை வெட்டி எடுத்து, சரியான வரியை ஒட்டுவார்கள். பிலிம் போனபோது அந்த வாய்ப்பு போனது. பிளேட்டில் பார்க்கும் வாய்ப்பும் இப்போது குறைகிறது. முகூர்த்த நேரம் தவறாக இருந்தால், அது நான்கு பிளேட்டுகளையும் கடந்து தாளில்தான் தெரிய வரும். அதற்குள் பிளேட், தாள், மெஷின் நேரம் எல்லாம் செலவாகிவிடும். எனவே பைலைத் தரும் முன் கீழ்க்கண்டவற்றைச் சரி பாருங்கள்.

பைலை பி.டி.எப். ஆகக் கொடுங்கள். யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களைப் பயன்படுத்தியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. எழுத்துரு பைலுக்குள் பதியப்படவில்லை என்றால், தமிழ் வரிகள் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடலாம். அடோப் ரீடரில் பைலைத் திறந்து, கண்ட்ரோல் + டி அழுத்தி, பாண்ட்ஸ் டேபில் ஒவ்வோர் எழுத்துருவிற்கும் எதிரே எம்பெடட் என இருக்கிறதா எனப் பாருங்கள்.

போட்டோக்கள் அச்சாகும் அளவில் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும். ஏ4 அளவுப் படம் என்றால் 2480 x 3508 பிக்ஸல். இணையத்திலிருந்து எடுத்த சிறிய படம், மானிட்டரில் அழகாகத் தெரிந்தாலும் அச்சில் கலங்கிவிடும்.

பின்னணிக் கலர், தாளின் ஓரம் வரை வர வேண்டும் என்றால், நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது.

எழுத்துகள் கருப்புப் பிளேட்டில் மட்டும் வர வேண்டும் என அச்சகத்தில் சொல்லிவிடுங்கள். நான்கு கலர்களும் கலந்து கருப்பு உருவானால், பிளேட்டுகள் இம்மி விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

இறுதியாக, அச்சகத்தில் ஒரு பிரதி புரூப் கேட்டு வாங்குங்கள். அதனைத் திரையில் பார்க்காமல் தாளில் படியுங்கள். பெயர், தேதி, நேரம், போன் எண் ஆகியவற்றை உங்களோடு இன்னொருவரும் படிக்கட்டும். சரியாக இருந்தால் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அதன் பின்னர்தான் பிளேட் போடச் சொல்ல வேண்டும்.