உங்களுக்குத் தெரியுமா? - நூலிலேயே ஏறிய நிறம்

● ஆனித் திருமஞ்சனத்தின்போது சிதம்பரம் கோயிலின் கல்தரையை வெறுங்காலால் மிதித்தவர்களுக்கு, வெளிநாட்டுப் பயணிகள் ஏன் சாக்ஸோடு பிரகாரம் சுற்றுகிறார்கள் என்று சொல்லித்தர வேண்டாம். நமக்குக் காலுறை என்றால் பள்ளிச் சீருடை. குளிர் நாட்டுப் பாட்டிகளுக்கு அது நாலைந்து ஊசிகளை வைத்துக்கொண்டு பின்னுகிற கைவேலை. ஒரு ஜோடிக்குச் சுமார் 400 மீட்டர் நூல் போதும். எடை 100 கிராம்தான்.

● செருப்புக்குள் சாக்ஸ் போட்டால் சிரிப்பவர்கள் கவனிக்க. எகிப்தில் கிடைத்த 1,700 ஆண்டுப் பழைய காலுறைகளில் கட்டைவிரலுக்குத் தனி அறை உண்டு, செருப்பு வார் நுழைவதற்காகவே. அப்படியொன்று, ஒரு குழந்தையின் இடது காலுக்கானது, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பட்டை பட்டையாக ஆறேழு நிறம். 2018இல் வெளியான ஆய்வில் தெரிந்தது: எல்லாம் சேர்த்துச் சாயம் மூன்றே மூன்று. சிவப்பு, நீலம், மஞ்சள். மற்றவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று தோய்த்து வரவழைத்தவை.

● அந்தச் சிவப்பு, மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து வந்தது. நம் சோழமண்டலக் கரையில் அந்த வேலையைச் செய்தது இம்பூறல். மணலில் வளரும் சின்னஞ்சிறு செடி, வேர்தான் சரக்கு. 'சாயவேர்' என்று நம்மவர் சொன்னதைக் கேட்டு ஆங்கிலேயரும் 'சாய்' என்றே எழுதிக்கொண்டார்கள். வேர் மட்டும் இருந்தால் ஆகாது, படிகாரம் வேண்டும். படிகாரம் பிடித்துக்கொடுக்காவிட்டால் சிவப்பு முதல் அலசலிலேயே ஓடிவிடும். இன்னொன்று: மஞ்சிட்டியும் இம்பூறலும் காப்பிச் செடியின் குடும்பம்!

● அவுரித் தொட்டியில் தோய்த்த நூல் வெளியே வரும்போது நீலமாக இருக்காது. பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். காற்றுப் பட்ட பிறகுதான் கண்ணெதிரே நீலமாக மாறும். கருநீலம் வேண்டுமென்றால் திரும்பத் திரும்பத் தோய்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டுத் தென்னார்க்காட்டில் அவுரி பெரும் பணப்பயிர். 1897இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரியின் சந்தை அதன்பின் சரியத் தொடங்கியது.

● கடலூருக்கு இருபது கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரியிலிருந்து போன நீலத்துணி, செனகல் ஆற்றங்கரையில் கோந்து வியாபாரத்துக்குப் பணமாகவே புழங்கியது. ஐரோப்பாவில் போலி நெய்து அனுப்பிப் பார்த்தார்கள்; பலிக்கவில்லை. வாங்குபவர்கள் மோந்து பார்த்தே அசல் எது என்று சொல்லிவிடுவார்களாம். அவுரியின் வாசனை அப்படி.

● கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினி வாங்கியது 1690இல். பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லை வரை கோட்டையோடு சேர்ந்த நிலம் என்பது பேரம். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. அப்போது சென்னையில் கவர்னர் எலிகு யேல். பின்னாளில், 1718இல், அமெரிக்காவின் ஒரு கல்லூரிக்குப் புத்தகங்களோடு மூட்டை மூட்டையாகத் துணிச் சரக்கும் அனுப்பினார். அதை விற்ற காசுக்கு நன்றியாகத்தான் யேல் என்ற பெயர். துணிக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்டால், கும்பினி இந்தக் கரைக்கு வந்ததே துணிக்காகத்தானே.

● குறிஞ்சிப்பாடி கைலியில் எத்தனை நிறம்? கண்ணை நம்பாதீர்கள். பாவில் சிவப்பும் வெள்ளையும், ஊடையில் சிவப்பும் வெள்ளையும் ஓடினால், கட்டங்களில் மூன்று நிறம் தெரியும். சிவப்பும் சிவப்பும் சந்திக்கிற இடம் அடர்த்தி. வெள்ளையும் வெள்ளையும் வெளுப்பு. குறுக்கே வெட்டுகிற இடத்தில் இளஞ்சிவப்பு. அந்த மூன்றாவது நிறத்துக்கு யாரும் சாயம் காய்ச்சவில்லை.

● ஒரே நூலில் இடத்துக்கு இடம் நிறம் மாறுகிற பலவண்ண நூலைப் பின்னுபவர்களுக்குத் தலைவலியே வேறு. காலைச் சுற்றி 64 கண்ணி என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு ஆகும் நூலின் நீளமும், நிறங்கள் ஒருமுறை வந்து திரும்புகிற நீளமும் சரியாக ஒத்துப்போனால், நிறங்கள் தூண் தூணாக நிற்கும். சற்றே பிசகினால் கொடிபோலச் சுற்றி ஏறும். நாலு கண்ணி கூட்டினாலோ குறைத்தாலோ அதே நூல் வேறு சாக்ஸாகிவிடும். என் கணிப்பில் இது கைவேலையில் பாதி, கணக்கில் பாதி. புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

● இரண்டு நிற நூலை மாற்றி மாற்றிப் பூ, கட்டம் போட்ட சாக்ஸை உள்பக்கம் திருப்பினால், முன்னால் வேலையில்லாத நூலெல்லாம் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். குழந்தையின் கால்விரல் மாட்டிக்கொள்வது அதில்தான். கைத்தறிக் கைலியில் அந்தத் தொல்லை இல்லை. அடுத்த முறை கடையில் கைலி எடுக்கும்போது மடிப்பைப் பிரித்து மறுபுறம் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறமா? சாயம் நூலிலேயே ஏறியது. உள்பக்கம் வெளிறியிருக்கிறதா? அது பெரும்பாலும் மேலே அடித்த அச்சு.