கிறிஸ்துமஸ் செலவுக்காக இளம் ரப்பரில் கத்தி வைக்கலாமா?

கல்குளம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கேள்வி நான்கே வரி. "2018-ல் வச்ச ரப்பர், 1 ஏக்கர், 190 மரம் நிக்குது. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பால்வெட்டு தொடங்கலாமா? சுற்றளவு கொஞ்சம் குறைவாத்தான் இருக்கு. ஆனா வீட்டுக்காரர் தொடங்கிரலாம்னு நிக்கிறார்."

வழக்கமான கேள்வி-பதில் பகுதிக்கு உரியதுதான். ஆனால் கேள்விக்குக் கீழே இரண்டு பக்கம் வேறு விஷயம் இருந்தது. அதைப் படித்த பிறகு நான்கு வரியில் பதில் எழுதி முடிக்க மனம் வரவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு போன் செய்து அவரிடமும் அவர் கணவரிடமும் பேசினேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்று அவர்களே சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30-ஐ நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கி புயல் கடலுக்குப் போனவர்களைக் கொண்டுபோனது. கரையில் வாழையையும் ரப்பரையும் முறித்துப் போட்டது. அந்த ஆண்டு பல கடற்கரை ஊர்களில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே இல்லை. இவர்கள் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த மரங்களில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டன. அடுத்த ஜூன் மாதம் மறு நடவு செய்தார்கள். முதல் மூன்று வருடம் ஊடே வாழை போட்டுச் சமாளித்தார்கள். நிழல் கூடியதும் வாழையும் நின்றுபோனது. அதன் பிறகு அந்த ஒரு ஏக்கரிலிருந்து ஒரு ரூபாய் வரவில்லை. கணவர் அடுத்தவர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறார். மழைக்காலத்தில் அந்தக் கூலியும் பாதிதான்.

2023 டிசம்பரில் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக நகை அடகு வைத்தார்கள். மனைவியின் 3 பவுன் வளையல், கணவருடைய தங்கையின் 4 பவுன் செயின், இரண்டையும் சேர்த்து ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வைத்து 1,80,000 ரூபாய் வாங்கினார்கள். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். தங்கை துபாயில் இருக்கிறார். "ஒரு வருஷத்துல எடுத்துக் குடுத்துரு அண்ணே" என்று சொல்லித்தான் கொடுத்தார். போன கிறிஸ்துமஸுக்கு அவர் போனில் கேட்டபோது, "எடுத்தாச்சு, வீட்டுல பத்திரமா இருக்கு" என்று இவர் சொல்லிவிட்டார். எடுக்கவில்லை. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்திருந்தார்.

இந்த மாதம் 20-ம் தேதி தங்கை குடும்பத்தோடு வருகிறார். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அந்தச் செயினைத்தான் போடுவேன் என்று சொல்லியிருக்கிறார். செயின் எங்கே இருக்கிறது என்பது மாமியாருக்கும் தெரியாது. "மக்ளே, அவ வந்தா செயின எடுத்துக் குடுத்துரு" என்று மருமகளிடம் தினமும் ஞாபகப்படுத்துகிறாராம். வீட்டில் கணவனும் மனைவியும் ஒரு மாதமாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மரத்தில் கத்தி வைக்கும் யோசனை பிறந்தது இங்கேதான். அது போதாவிட்டால் மூணு வட்டிக்கு வாங்கி மீட்டுவிடலாம் என்பது இரண்டாவது யோசனை.

முதலில் மரத்தைப் பார்ப்போம். ஒட்டுக்கன்று ரப்பரில், ஒட்டுக்கட்டிய இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்திருக்க வேண்டும். தோட்டத்தில் 70 சதவீத மரங்கள் அந்த அளவை எட்டிய பிறகுதான் பால்வெட்டு தொடங்க வேண்டும். ஏழு வருடம் முடிந்துவிட்டது என்பது கணக்கில்லை. கண் மதிப்பை நம்பாமல் டேப் பிடித்து அளக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து அம்மாவும் மகனும் 190 மரத்தையும் அளந்திருக்கிறார்கள். 96 மரம் தேறியது. 133 வேண்டும். அளவு வராத மரத்தில் வெட்டினால் பருக்க வேண்டிய சத்து பாலாக இறங்கிவிடும். மரம் அதன் பிறகு மெதுவாகத்தான் பருக்கும். பட்டை மெலிதாக இருப்பதால் கத்தி ஆழமாக இறங்கிக் காயமாகும். மெலிந்த மரம் காற்றுக்கு நடுவில் முறியும். ஒக்கியைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, எல்லாவற்றையும் மீறி வெட்டினால் எவ்வளவு கிடைக்கும்? தேறிய மரங்களில் மட்டும் வெட்டினாலும், புதிதாகத் திறந்த மரத்தில் முதல் சில வெட்டுக்குப் பால் சரியாக வராது. பிறகும் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ ஷீட் கிடைத்தாலே பெரிது. கிலோ 180 ரூபாய் என்று வைத்தால் 270 ரூபாய். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டினால் பண்டிகைக்குள் அதிகம் போனால் பத்து வெட்டு, அதாவது 2,700 ரூபாய். கப், கம்பி, சில்லு எல்லாம் வாங்கிய செலவுக்கே அது காணாது. கணவரிடம் போனில் இந்தக் கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு "அது எனக்கும் தெரியும் சார்" என்றார். அந்தப் பதிலில் எனக்கு எல்லாம் புரிந்தது. அவருக்குத் தேவைப்பட்டது 2,700 ரூபாய் அல்ல. தங்கை வரும்போது ஏதோ செய்துகொண்டிருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது.

மூணு வட்டி யோசனை இதைவிட மோசம். 1,80,000 ரூபாய்க்கு மாதம் 5,400, ஆண்டுக்கு 64,800. 18 சதவீதக் கடனை அடைக்க 36 சதவீதக் கடன் வாங்குவது எந்த ஊர்க் கணக்கு?

செய்யக்கூடியது ஒன்று இருந்தது. 2023 டிசம்பரில் பவுன் விலை 47,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 டிசம்பரில் 90,000-ஐத் தாண்டி நின்றது. 90,000 என்றே வைத்தாலும் 3 பவுன் வளையல் மட்டும் 2,70,000 பெறும். அதில் 75 சதவீதம் 2,02,500. அதாவது, அன்று 7 பவுனுக்கு வாங்கிய கடனை இன்று அவருடைய சொந்த 3 பவுனே தாங்கும். பழைய கடனை வட்டியோடு முடித்து, அதே இடத்தில் வளையலை மட்டும் புதிதாக வைத்தால் செயின் வெளியே வந்துவிடும். டிசம்பரில் நகையை 'மாற்றி வைக்க'ப் போகும் ஒவ்வொருவரும் இதைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் வலிய வந்து சொல்ல மாட்டார்கள். இவர்களிடமும் முதலில் "மொத்தத்தையும் கட்டிட்டு எடுங்க" என்றுதான் சொன்னார்களாம். மேலாளரைப் பார்த்துக் கேட்ட பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. விலை ஏறியிருக்கிறதே என்று 7 பவுனையும் வைத்துக் கூடுதலாக வாங்கிவிடக் கூடாது. குறைந்த தங்கத்தில் நிறையக் கடன் நின்றால், விலை இறங்கும்போது ஏல நோட்டீஸ் சீக்கிரம் வரும்.

இந்த ஆண்டு வட்டி 32,400 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. பண்டிகைக்கென்று சேர்த்த 14,000 இருந்தது. இரண்டு ஆடு விற்றதில் 19,000 வந்தது. புதுத்துணி இல்லை என்று முடிவாயிற்று.

ஆனால் அதற்கு முன்னால் தங்கைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். இது வேளாண்மை அலுவலர் சொல்ல வேண்டிய விஷயமா என்று கேட்கலாம். முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய்வந்ததில், கடனைவிட மறைத்த கடன்தான் அதிகக் குடும்பங்களை உடைத்திருக்கிறது என்பதைக் கண்டிருக்கிறேன். அதுவும் பண்டிகைக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது, மாப்பிள்ளைமார் முன்னால் வெளிப்பட்டால் அந்தப் பேச்சு பத்து வருடத்துக்கு ஆறாது. ஊருக்கு வந்து இறங்கும் முன்பே, போனில், அண்ணனே சொல்ல வேண்டும். சொன்னார். தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அம்மாவிடமும் சொன்னார்கள். மாமியார் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் மருமகளிடம் வந்து, "முந்திரிக்கொத்துக்குப் பயற வறுக்கட்டா மக்ளே?" என்று கேட்டாராம்.

செயின் வீட்டுக்கு வந்துவிட்டது. கடன் போகவில்லை. வளையல் மேல் 1,80,000 நிற்கிறது. இது போக ஒரு தனியாரிடம் மூணு வட்டிக்கு வாங்கிய 60,000 இருக்கிறது. அதற்கு மாதம் 1,800 ரூபாய். கையில் பணம் வரும்போது முதலில் அடைக்க வேண்டியது இதைத்தான். தொகை சிறிதாக இருப்பதால் பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். விவசாயி தனியாரிடம் வாங்கிய வட்டிக் கடனை அடைப்பதற்கு வங்கி கொடுக்கும் கடனும், ரிசர்வ் வங்கி விதிப்படி வேளாண் கடன் கணக்கில் சேரும். கிளையில் இதை எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். கிசான் கடன் அட்டை இல்லாதவர்கள் அதற்கும் விண்ணப்பியுங்கள். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. 3 லட்சம் வரையான பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். அந்த வரம்பில் பத்தில் ஒரு பங்கு வீட்டுச் செலவுக்கென்றே சேர்க்கப்படுகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கி உரிய காலத்தில் கட்டினால் நம் மாநிலத்தில் வட்டியே கிடையாது.

நாஞ்சில் நாட்டு ஏலாக்களில் நெல் வைத்திருப்பவர்களுக்கும் இதே டிசம்பர்தான் சிக்கல். கும்பப்பூ வயலில் நிற்கிறது. அறுவடை மாசியில். உரத்துக்குக் கொடுத்த பணம் மண்ணில் கிடக்கும்போது பண்டிகை வருகிறது. பால் வெட்டுகிற ரப்பர்க்காரருக்கோ நேர்மாறு. டிசம்பரில் நல்ல பால் உண்டு. ஆனால் இலை உதிர்ந்து பிப்ரவரி, மார்ச்சில் வெட்டு நின்றுவிடும். இந்த மாதக் காசு அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்துத்தான். விலை கூடும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம். 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே போனதை நாம் பார்த்திருக்கிறோம்.

கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி காவல்துறையில் புகார் கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. மனசு தாங்காத நேரத்தில் 14416-ஐ அழையுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி வாசகியின் நான்கு வரிக் கேள்விக்கு: இப்போது தொடங்க வேண்டாம். புதிய தோட்டத்தில் கத்தி வைக்க ஏற்ற மாதம் மார்ச். பிப்ரவரிக் கடைசியில் மீண்டும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். 133 மரம் தேறினால் மார்ச்சில் தொடங்கலாம். தேறாவிட்டால் செப்டம்பர் வரை பொறுங்கள். 50 செ.மீ. தொட்ட மரங்களில் இப்போதே பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் அடுத்த முறை அளக்கும் வேலை பாதியாகக் குறையும்.