குளம்படித் தடங்கள் – 9
கடைசியில் ஏறும் இரும்பு

கலிஃபோர்னியாவின் பழைய மாட்டுப் பண்ணைகளில் புழங்கிய ‘ஸ்பேடு’ கடிவாளத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். வாய்க்குள் போகும் இரும்பின் நடுவிலிருந்து தட்டையான தகடு ஒன்று மூன்று நான்கு அங்குலம் மேலெழும்பி நிற்கும். இதையா ஒரு வாயில்லா ஜீவனின் வாயில் மாட்டினார்கள் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். முரட்டுக் கையில் அகப்பட்டால் அது கொடுமையான கருவி. ஆனால் அந்த இரும்பை மாட்டும் முன் ‘வாக்கேரோ’ என்னும் குதிரையேறிய மாட்டுக்காரன் எத்தனை ஆண்டு பொறுத்திருந்தான் என்று தெரியாமல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஸ்பானியர்கள் 1769-இல் சான் டியேகோவில், இன்றைய கலிஃபோர்னியாவில் தங்கள் முதல் மிஷனை நிறுவினார்கள். 1823-க்குள் கடலோரம் நெடுக 21 மிஷன்கள் எழுந்துவிட்டன. வேலியில்லாத வெளியில் மாடுகள் பெருகின; மேய்க்க ஆள் போதவில்லை. பூர்வகுடிகள் குதிரையேறக் கூடாது என்று ஸ்பானிய ஆட்சி போட்டிருந்த தடை இந்தத் தேவையின் முன் நிற்கவில்லை. மிஷன்களில் வைத்தே பூர்வகுடி இளைஞர்களுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தரப்பட்டது. கலிஃபோர்னியாவின் முதல் வாக்கேரோக்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். இந்தக் கலையைப் புகழ்பவர்கள் பலரும் அவர்களை மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம். வட ஆப்பிரிக்க வீரர்களிடமிருந்து ஆந்தலூசியா கற்று, மெக்சிகோ வழியாக வந்த ‘ஹினேத்தா’ சவாரி முறை அவர்கள் கையில் இன்னொன்றாக வளர்ந்தது. வலது கையில் மாட்டைப் பிடிக்கும் சுருக்குக் கயிறு. ஆகவே லகானுக்கு இடது கை ஒன்றுதான். அந்த ஒரு கையின் சிறு அசைவுக்கே திரும்பி, நின்று, பின்வாங்கும் குதிரை வேண்டும்.

அந்தக் குதிரையை அவர்கள் வாயிலிருந்து தொடங்கவில்லை, மூக்கிலிருந்து தொடங்கினார்கள். குதிரைக்கு ஏறத்தாழ இரண்டரை வயதில் பால் பற்கள் விழத் தொடங்கி, ஐந்து வயது வரை புதுப் பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும். ஈறு நொந்திருக்கும் அந்தக் காலத்தில் இரும்பைக் கடிக்க வைத்தால் குதிரை வலியை மட்டுமே கற்கும். அதனால் முதல் கருவி ‘ஹாக்கமோர்’. பதனிடாத மாட்டுத்தோல் வாரில் பின்னிய ‘போசால்’ என்னும் வளையம் மூக்கைச் சுற்றி அமரும். தாடைக்குக் கீழே அதன் இரு முனைகளும் கனமான ஒரு முடிச்சில் சேரும். அந்த இடத்தில் குதிரைமயிரில் திரித்த ‘மெக்காத்தே’ கயிற்றைச் சுற்றி, அதையே லகானாகப் பிடிப்பார்கள்.

இதன் சூட்சுமம் இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. விடாமல் இழுத்தால் எந்தக் குதிரையும் மூக்கைக் கொடுத்து எதிர்த்துத் தள்ளும். பலப்பரீட்சையில் மனிதன் தோற்பான். ஒரு பக்கம் லேசாக இழுத்து, குதிரை இணங்கத் தொடங்கிய நொடியிலேயே கயிற்றைத் தளர்த்த வேண்டும். தளர்ந்ததும் முடிச்சின் கனத்தால் போசால் தாடையை விட்டுத் தானே இறங்கும். ‘நீ செய்தது சரி’ என்பதைக் குதிரை அந்த விடுதலையில் தெரிந்துகொள்கிறது. கழுத்தில் உரசும் மயிர்க்கயிறு சுருக்கென்று குத்தும். லகான் கழுத்தில் பட்டாலே திரும்ப வேண்டும் என்ற பழக்கம் அப்படித்தான் பதிகிறது. குதிரை சிறு சைகைக்கே இணங்க இணங்க, தடித்த போசாலை மாற்றி மெலிந்ததைப் போடுவார்கள். எட் கானெல் என்பவர் 1952-இல் ஹாக்கமோர் முறையைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார் என்றால், இந்த ஒரு கட்டத்துக்குள் அவ்வளவு நுட்பம் இருக்கிறது.

அடுத்த கட்டம் இரட்டை லகான். என்னைக் கேட்டால் முழு முறையின் அறிவும் இங்கேதான் குடியிருக்கிறது. பற்கள் எல்லாம் முளைத்த பிறகு ஸ்பேடு இரும்பு வாய்க்குள் போகிறது. ஆனால் அதில் லகான் கிடையாது. குதிரை அதைச் சும்மா சுமந்து பழக வேண்டும். அதன்பிறகு லகான் பூட்டினாலும், உள்ளே மெலிந்த ஒரு போசாலும் மூக்கில் இருக்கும். சவாரிக்காரன் கையில் இப்போது இரண்டு ஜோடி லகான்கள். பேச்செல்லாம் முதலில் மூக்கோடுதான். வாய் லகான் தொய்ந்து கிடக்கும். மாதங்கள் போகப்போக மூக்கின் பங்கு குறைந்து வாயின் பங்கு கூடும். குதிரை குழம்பினால் உடனே மூக்குக்குத் திரும்பிவிடலாம், வாயைத் தொட வேண்டியதே இல்லை. இது ஓர் ஆண்டு, சில குதிரைகளுக்கு அதற்கும் மேல். கடைசியில் போசாலைக் கழற்றியதும் அது ‘பிரைடில்’ குதிரை ஆகிறது.

அந்த நிலையில் ஸ்பேடு செய்யும் வேலையே வேறு. அதில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், நாக்கால் உருட்ட ஒரு சிறு உருளை இருக்கும். செம்பு உமிழ்நீரைச் சுரக்க வைக்கிறது. குதிரை உருளையை உருட்டிக்கொண்டே அமைதியாக நிற்கிறது. லகானுக்கும் இரும்புக்கும் நடுவே சிறு சங்கிலி. கை அசைந்தால் முதலில் சங்கிலியின் கனம்தான் மாறும். இரும்பு அழுத்துவதற்கு முன்பே குதிரை பதில் சொல்லிவிடும்.

இவ்வளவு பொறுமைக்கு அன்றைய வாழ்க்கை இடம் கொடுத்தது. ஏராளமான குதிரைகள், வேலியற்ற நிலம். ஒரு குட்டி நாளைக்கே தயாராக வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. பிறகு அந்த வாழ்க்கை கலைந்தது. 1851-இன் அமெரிக்க நிலச் சட்டம் பண்ணைகளை நீதிமன்ற வழக்குகளில் இழுத்துவிட்டது. 1862 முதல் 1864 வரை நீடித்த வறட்சியில் மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. முறையை அறிந்தவர்கள் நெவாடாவுக்கும் கிழக்கு ஓரிகனுக்கும் போனார்கள். அங்குள்ள சில பண்ணைகளில் இன்றும் குட்டிகள் ஹாக்கமோரில்தான் தொடங்குகின்றன. மாடு மடக்கும் குதிரைகளுக்கான அமெரிக்கப் போட்டிகளிலும் ஹாக்கமோர், இரட்டை லகான், பிரைடில் மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆனால் பெரிய பரிசுப் பணம் மூன்று வயதுக் குதிரைகளுக்கான போட்டியில் இருக்கிறது. அதில் ஓடுவது வாயில் ‘ஸ்னாஃபிள்’ இரும்போடு, பல் விழுந்துகொண்டிருக்கும் வயதில். ஸ்னாஃபிள் மென்மையான இரும்புதான், நல்ல கையில் தீங்கில்லை என்கிறார்கள். இருக்கலாம். மூன்று வயதுக்குள் அத்தனையையும் கற்று முடிக்கச் சொல்லும் அந்த அவசரத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த வாரம், போசாலையும் அறுபதடி நீளத் தோல் கயிற்றையும் பின்னியவர்களைப் பற்றி.